பெரியவளுக்கு எழுதிக் கொடுத்தது

அந்த இல்லத்துக்கு என்னை அனுப்பியதற்கு என் திறமை காரணம் இல்லை. எங்கள் நிறுவனத்தில் கேமரா மாட்டத் தெரிந்த பையன்கள் பலர் இருந்தார்கள். ஆனால் சிறுமிகள் தங்கும் இடத்தில் ஆண்கள் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. அவர்கள் வெளிச்சுவரோடு வயரை இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே வேலை செய்ய, மின்னணுவியல் படித்துவிட்டு சேலம் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

ராசிபுரத்துக்கு வெளியே, மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது அந்த இல்லம். வீட்டில் இருக்க முடியாத சிறுமிகளை அரசு அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறது. யாரும் இல்லாதவர்கள், வேலை செய்த இடத்திலிருந்து மீட்கப்பட்டவர்கள், வீட்டிலேயே ஆபத்து இருந்தவர்கள், கல்யாணம் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள். வாசலில் ஓர் இரும்புக் கதவு, அதற்குள் ஒரு கம்பிக் கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. முதல் கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள். நடுவில் இருந்த சின்ன இடத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். முன்னாலும் பூட்டு, பின்னாலும் பூட்டு. சாவி வரும் வரை செய்வதற்கு ஒன்றுமில்லை.

கண்காணிப்பாளர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என் கைப்பேசியை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு பையைத் திறக்கச் சொன்னார். நான் கொண்டுபோன சாமான்களை வழக்கம்போல ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். டிரில்லிங் மெஷின், திருப்புளிகள், வயர் வெட்டும் கத்தரி, திருகாணிப் பொட்டலம், டேப். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"போறப்போ இதெல்லாம் திரும்பி வந்துடணும்மா. ஒரு ஆணி உள்ள தங்கக் கூடாது."

"சரிங்க மேடம்."

"போன வருசம் ரெண்டு பொண்ணுங்க செவுரு தாண்டிடுச்சுங்க. கெடைக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. எல்லாரும் என்னத்தான் கேட்டாங்க. ஒரு எடம் விடாம மாட்டிடு."

எங்கே மாட்ட வேண்டும், எங்கே கூடாது என்று அரசு தெளிவாகச் சொல்லியிருந்தது. நடைவழி, சமையலறை, சாப்பாட்டுக் கூடம், வாசல், கொல்லை ஆகியவற்றில் வேண்டும். படுக்கும் கூடம், குளியலறை, ஆலோசகர் பேசும் அறை ஆகியவற்றில் கூடாது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் நாள் முழுவதும் மாட்டுவதிலேயே போனது. ஆடி மாதம். காற்று ஏணியை உலுக்கியது. தேநீர் குடிக்க வெளியே போகலாம் என்று தோன்றும்போதெல்லாம் அந்த இரண்டு கதவுகளும் நினைவுக்கு வரும். எனக்காகச் சாவி தேடி, இரண்டு முறை திறந்து, இரண்டு முறை பூட்ட வேண்டும். கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒரே நாளில், கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

அந்தப் பழக்கம் எனக்குப் புதிதும் அல்ல. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். எல்லா ஜன்னலிலும் கம்பி, மாதம் ஒரு முறை பெற்றோர் சந்திப்பு, பரீட்சை, மறுபடி பரீட்சை. சேலத்திலிருந்து அம்மா வந்து, ஜெபமாலையைக் கையில் திணித்துவிட்டுப் போவார். அங்கேயும் கைப்பேசி கிடையாது, அங்கேயும் வாசலில் காவலாளி உண்டு. ஆனால் எனக்கு ஒரு முடிவு தெரிந்திருந்தது. பொதுத்தேர்வு முடிந்தால் வெளியே. இங்கே இருந்த பிள்ளைகளிடம் எப்போது போவீர்கள் என்று கேட்டபோது ஒவ்வொருத்தியும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "கமிட்டி சொல்லோணுங்க்கா." குழந்தைகள் நலக் குழுவை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். வெயிலையும் மழையையும் பற்றிப் பேசுவது போன்ற குரலில்.

இரண்டாம் நாள், நடந்து பார்க்கும் வேலை. கேமராவை மாட்டுவது பாதி வேலைதான். மீதி, ஒருவர் இடம் முழுவதும் நடக்க, இன்னொருவர் மானிட்டரில் பார்த்து, ஆள் எங்கே காணாமல் போகிறார் என்று குறிப்பது. எனக்கு நடக்க ஆள் இல்லை. இல்லத்தாய் வேலையில் இருந்த பெண்மணியிடம் சொன்னேன். சேந்தமங்கலத்துக்காரர், பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள்.

அவர் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏஞ்சாமி, சும்மாதானே குந்தியிருக்கற? போயி அக்காவுக்கு நடந்து காட்டு."

எழுந்து வந்தவள் உயரமானவள், பதினேழு வயது. தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன்.

நான் அலுவலக அறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கைப்பேசி இல்லாததால் அவளிடம் பேச வழியில்லை. ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

"அங்கேயே நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"நில்லுடீ! அக்கா நிக்கச் சொல்றாங்க!"

"கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க."

"திரும்புடீ! பொண்ணு பாக்க வந்திருக்காங்க, நல்லாத் திரும்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. யாரோ யாரையோ கிள்ளியது தெரிந்தது. அவள் அங்கே வந்தது கல்யாணம் நிறுத்தப்பட்டதால்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. திரையில் அவள் கேமராவை நேராகப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பி, தலையைச் சாய்த்து, வெட்கப்படும் மணப்பெண்ணைப் போல ஒரு கும்பிடு போட்டாள். ஜன்னல் மறுபடி சிரித்தது.

சமையலறைக்குப் பின்னால் போனபோது அவளைக் காணவில்லை. சற்று நேரம் கழித்து மறுபக்கம் வந்தாள். மறுபடி நடக்கச் சொன்னேன். மறுபடியும் காணாமல் போனாள். இந்த முறை வர இன்னும் தாமதமானது.

எழுந்து போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் கல் இருந்த மூலை அது. மேடை மேல் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி, கேமராவின் பார்வையை மறைத்தது. மதில் சுவரில் காற்றுக்காக, துளைகள் போட்ட சிமெண்ட் ஜாலி வைத்திருந்தார்கள். அதில் ஒரு துண்டு உடைந்து, ஒரு முகம் தெரிகிற அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கம் மண் தடம், அதற்கப்பால் மரவள்ளி.

"இங்க கேமரா வராதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"வரலை. தொட்டி மறைக்குது. இன்னொண்ணு போடணும்."

"எதுக்குங்க்கா? இங்க ஆரும் வரமாட்டாங்க. தொவைக்க மட்டுந்தான் வாரது."

"அதான். வழுக்கி விழுந்தா தெரியணுமில்ல?"

"உழுந்தா கத்துவோங்க்கா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் தாளில் எழுதினேன்: துவைகல் மூலை, தொட்டி மறைக்கிறது, கூடுதல் கேமரா ஒன்று. நான் எழுதி முடிக்கும்வரை அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், ஆளுக்கொரு முட்டை. பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பற்றித் தணிந்த குரலில் சொன்னார். புதுச்சத்திரம் பக்கத்துக்காரி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தாய்மாமன் மகன்; ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாட்டில் வேலை. மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும். அதற்குள் கல்யாணத்தை முடிக்கப் பார்த்தார்கள். யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டார்கள். அதிகாரிகள் போய் நிறுத்தி, பதினெட்டு முடியும் வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று தகப்பனிடம் எழுதி வாங்கினார்கள்.

"எழுதிக் குடுத்துட்டாங்கன்னா அனுப்பிச்சிருக்கலாமே?" என்றேன்.

"அதெப்படிங்க? உப்பு சக்கரை மாத்தியாச்சு."

நிச்சயத்தன்று இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் கைமாற்றிக்கொள்வார்கள். மாற்றிவிட்டால் வார்த்தை கொடுத்தாயிற்று என்று பொருள். அதற்குப் பிறகு பின்வாங்கினால் நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாது. ஏதாவது கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் குழு அவளை இங்கே வைத்திருந்தது. ஒரு முறை அம்மா பார்க்க வந்தார். 'நானே சம்மதிச்சேன்னு சொல்லு சாமி' என்று மகள் காலைப் பிடித்து அழுதார். அதோடு குடும்பத்தார் பார்க்க வருவதும் நிறுத்தப்பட்டது.

"தை வந்தா பதினெட்டு. அது வரைக்கும் இங்கதான்" என்றார் பெரியம்மா. "என்ன பண்றதுங்க. வெளிய உட்டா கண்ணாலம், உள்ள வெச்சா கண்ணீரு."

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கூடுதல் கேமரா காலையிலேயே வந்து சேர்ந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் அந்த மூலைக்கு வருவேன் என்று பெரியம்மாவிடம் சொல்லியிருந்தேன். காற்று வலுப்பதற்குள் முடித்துவிடலாம் என்று முன்னதாகவே போய், தொட்டி மேடையில் ஏறி, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து துளைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருப்பவர்களுக்கு நான் தெரியமாட்டேன்.

மதிலுக்கு வெளியே தடத்தில் ஒரு சிறுமி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பதினைந்து வயது இருக்கும். நேராக அந்த ஓட்டையிடம் வந்து கன்னத்தை வைத்தாள்.

"அக்கா. அக்கோவ்."

கொல்லைக் கதவு திறந்தது. அவள்தான், வாளியோடு. "கத்தாத. வந்துட்டேன்."

"எத்தன நேரம் நிக்கறது? ஆடு மேய்க்கறவரு மொறச்சுப் பாத்துட்டே போறாரு."

"கிளாசுக்குப் போனயா?"

"போனேன். டைப்படிச்சு டைப்படிச்சு வெரலே போச்சு. உன்ற பங்கு ஊட்டு வேலையும் நாந்தான் செய்யறேன், தெரியுமில்ல?"

"அம்மா எங்க?"

"சேலம் போயிருக்குது. சேலை எடுக்க."

"ஆருக்குச் சேலை?"

மரவள்ளி இலைகள் காற்றில் இரைந்தன.

"எனக்குத்தான்" என்றாள்.

பெரியவள் வாளியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"ஆவணி மொத முகூர்த்தம்" என்றாள் சின்னவள். "நீ சொன்னயில்ல, இனி ஒண்ணும் நடக்காதுன்னு. நடக்குது."

"அப்பா எழுதிக் குடுத்திருக்குதே!"

"அது உனக்கு. பெரியவளுக்குத்தான் எழுதிக் குடுத்தேன், அதை மீற மாட்டேன்னு நாயம் பேசுது அப்பா. மாமன் ஊட்டுக்குக் குடுத்த வார்த்தையையும் மீற மாட்டாராம். ரெண்டு வார்த்தையையும் காப்பாத்தறாராம்."

"கட்டிக்கப் போற மாமா ஒண்ணும் சொல்லலையா?"

"அது என்னத்தச் சொல்லும்? போனப் பாத்துட்டே குந்தியிருக்குது. மழை உட்டா வண்டியேறோணும், அதுக்குள்ள முடிங்கங்குது."

"நீ வேண்டான்னு சொன்னயா?"

"நீ சொல்லி என்ன ஆச்சு? நீ பாட்டுக்கு உள்ள குந்திக்கிட்டு முட்டை திங்கற. ஒறம்பரை சனம் வந்தா எல்லாரும் என்னயத்தான் பாக்கறாங்க."

"ஏண்டி, வாரயா, மாத்திக்கலாம்?"

"வாரேன். கதவத் தொறக்கச் சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரே மாதிரியான சிரிப்பு, மூக்கால் வருவது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பிறகு சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இறங்கினால் தெரிந்துவிடும், இறங்காமல் இருந்தால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே கேட்டாயிற்று. நான் தொட்டியைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். பெரியவள் என்னைப் பார்த்தாள். வெளியிலிருந்து, "ஆரு அது?" என்றாள் சின்னவள்.

"கேமரா அக்கா" என்றாள் அவள். "நீ போ. பஸ்ஸு வந்துரும்."

தடத்தில் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

"எல்லாத்தையும் கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன்."

"சொல்லாதீங்க."

எதையும் இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது என் வழக்கம். மனதுக்குள் எழுதினேன். சொன்னால்: இந்த ஓட்டை அடைபடும், சின்னவளை இங்கே கொண்டு வருவார்கள், அவள் படிப்பு பாதியில் நிற்கலாம், அப்பா மேல் வழக்கு வரும். சொல்லாவிட்டால்: ஆவணி. இரண்டாவதில் ஒரே ஒரு வரிதான். ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கதவு பூட்டப்பட்டது.

உதவி எண்ணுக்கு நானே பேசலாம் என்று நினைத்தேன். பேசுபவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கைப்பேசி இழுப்பறையில் இருந்தது. வெளியே போய்ப் பேசினாலும் என்ன சொல்வேன்? அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், அப்பா பெயர் என்ன, கல்யாணம் எங்கே, ஒன்றும் எனக்குத் தெரியாது. புதுச்சத்திரம் பக்கம் என்பது மட்டும் தெரியும். மற்றதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

"நான் மேடம்கிட்ட பேசறேன்" என்றேன். "நீ சொன்னதா இருக்க வேண்டாம்."

"நீங்க சொன்னா, இதை மாட்டிட்டு பஸ் ஏறிருவீங்க. அவ வந்து என்ற மூஞ்சியத்தானே பாப்பா?"

"பரவாயில்ல. நான் கேட்டேன், நான் சொன்னேன்னு இருக்கட்டும்."

"அது எப்படீங்க? அவ உங்ககிட்டயா சொன்னா? எங்கிட்டச் சொன்னா."



அவள் வாளியைக் கல்லருகே இழுத்துக்கொண்டு துணி துவைக்க ஆரம்பித்தாள். அவளுடைய துணி மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகளுடைய பாவாடைகளும் இருந்தன. ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டு, அடித்து, அலசி, பிழிந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். துளை போடும் வேலையைத் தொடரவில்லை. கிளம்பவும் இல்லை. காற்று சோப்பு நுரையை எடுத்து என் மேல் தெளித்தது. எல்லாவற்றையும் கொடியில் உதறிப் போட்டு, கிளிப் மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க்கா" என்றாள்.

கண்காணிப்பாளர் மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். தங்கை பெயர், பள்ளி, தெரு, கல்யாணம் வைத்திருந்த கோயில், நாள். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ஓட்டையைப் பற்றியும் அவளே சொன்னாள்.

கண்காணிப்பாளர் டப்பாவை மூடினார். "இத்தனை நாளா அங்க நின்னு பேசிட்டிருந்தியா?"

"ஆமாங்க மேடம்."

"யாராவது வெளியாள் வந்து நின்னிருந்தா? நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" குரல் உயர்ந்து, பாதியிலேயே இறங்கியது. "பேசினதும் நல்லதாத்தான் போச்சு." கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அது பேரையும் சேத்து எழுதி வாங்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையே. எனக்கும் தோணலையே."

பிறகு தொலைபேசியை எடுத்தார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சமூக நலத் துறையின் ஊர்நல அலுவலர், காவல் நிலையம். சனிக்கிழமை மத்தியானம் என்று யாரும் தட்டிக்கழிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. அரசாங்கம் மெதுவாக நகரும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அன்று அது நகர்ந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கதவோரம் நின்ற அந்தப் பெண்தான். போகும் ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கத்திவிடுவாளோ என்று எனக்குத் தோன்றியது. அவள் கத்தவில்லை. அனுமதி கேட்டு, கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

நான் திரும்பப் போய்க் கேமராவை மாட்டினேன். மாட்டாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன் என்று சொன்னால் அது உண்மை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்பதும் உண்மைதானே. வயரைச் சேர்த்தேன், கோணத்தைச் சரி செய்தேன். மூலை முழுவதும் திரையில் தெளிவாக விழுந்தது. அதற்குள் ஒரு கொத்தனார் பெண் வந்து, ஜாலி ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்.

வேலை முடிந்தும் என்னால் கிளம்ப முடியவில்லை. கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்; அவர் தொலைபேசியை விட்டு நகரவில்லை. சாவி அவரிடம்தான். நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து என் சாமான்களை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன.

பொழுது இறங்கும் நேரத்தில் ஊர்நல அலுவலர் சின்னவளோடு வந்தார். காலையில் பார்த்த அதே சுடிதார். கோப்பு இல்லை, ஒரு துணிப்பை மட்டும். இரண்டு கதவுகளுக்கும் நடுவே அவள் நின்றதைக் கம்பி வழியாகப் பார்த்தேன். பின்னால் பூட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முன்னால் திறக்கும் சத்தம் கேட்டு மறுபடி திரும்பினாள்.

அலுவலர் நாற்காலியில் விழுந்து, ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். "சண்டை ஒண்ணும் போடலை மேடம் அந்த மனுசன். அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. 'பெரியவளுக்குத்தானுங்களே எழுதிக் குடுத்தேன், சொன்ன சொல்லு தவறலையே'ன்னு கேக்கறாரு. நெசமாவே புரியாமத்தான் கேக்கறாரு. அப்புறம், 'இன்னும் எத்தனை புள்ளைக்கு எழுதோணும் சொல்லுங்க, ஒரேதா எழுதித் தந்தர்றேன்'ங்கறாரு. அந்தம்மா சேலைக் கவரோட அப்பத்தான் பஸ்ஸிலிருந்து எறங்கறாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. புள்ளைக்கு மாத்துத் துணி எடுத்துக் குடுத்தாங்க."

சின்னவள் கண்காணிப்பாளரைப் பார்த்தாள். "எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூணு வருசம் இருக்குதுங்க மேடம். அது வரைக்கும் இங்கயேங்களா?"

"குழு பார்த்துச் சொல்வாங்கம்மா. ஸ்கூலுக்கு நாங்க பேசறோம். பரிச்சை எழுதலாம்."

"டைப்பிங்?"

கண்காணிப்பாளர் பதில் சொல்வதற்கு முன் ஊர்நல அலுவலரைப் பார்த்தார். "அதையும் கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

தையில் பெரியவளுக்குப் பதினெட்டு நிறைந்ததும் அவளை இங்கே வைத்திருக்க முடியாது. அவள் வெளியே போவாள், இவள் உள்ளே இருப்பாள். நான் அதை மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த அறையிலிருந்த எல்லாரும் போட்டிருப்பார்கள்.

பெரியம்மா வந்து சின்னவளின் தோளைத் தொட்டார். "வா சாமி. உண்டுட்டயா?" அவள் தலையை ஆட்டினாள், ஆம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை. கூடத்து வாசலில் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பச் சந்தோசமா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் துணிப்பையை வாங்கக் கையை நீட்டினாள். சின்னவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி உள்ளே போனாள்.

கண்காணிப்பாளர் என் தாளில் கையெழுத்துப் போட்டார். சாவியோடு பெரியம்மா வர வேண்டும். அவர் பிள்ளைகளுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். அவரைத் தேடி, படுக்கும் கூடத்தின் வாசல் வரை போனேன். அங்கே கேமரா இல்லை. வாசலில் நின்று என் கண்ணால்தான் பார்த்தேன்.

பெரியவளின் பாய்க்குப் பக்கத்தில் ஒரு புதுப் பாயை விரித்திருந்தார்கள். சின்னவள் அந்தப் பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போய்ச் சுவரோரம் போட்டாள். பெரியவள் எழுந்து, தன் பாயைச் சுருட்டி, கூடத்தைக் கடந்து போய் அவள் பக்கத்தில் விரித்தாள். சின்னவள் மறுபடி இழுத்தாள், இந்த முறை ஜன்னலடிக்கு. பெரியவள் மறுபடி சுருட்டினாள்.

"ஏம்புள்ளைங்களா, பாயால கூடத்தையே கூட்டிட்டிருக்கறீங்களே" என்றார் பெரியம்மா. ஆனால் தடுக்கவில்லை. என்னிடம், "கொஞ்சம் இருங்க, வாரேன்" என்று கையைக் காட்டினார்.

மூன்றாவது முறை சின்னவள் பாயின் ஓரத்தைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். பிறகு விட்டுவிட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். பெரியவள் தன் பாயில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சின்னவள் துணிப்பையின் வாயைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். ஒரு சுடிதார், ஒரு துண்டு, சீப்பு. வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க தண்ணி எப்ப உடுவாங்க?" என்று கேட்டாள்.

"விடியால ஆறு மணிக்கு" என்றாள் பெரியவள். "அதுக்கு முன்னாலயே வாளியோட போயி நிக்கோணும். இல்லீனா கெடைக்காது."